ஹைட்ராலிக் பாகங்களை வாங்குவதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்ஹோ லோடர், டிப்பர் லாரி, டிராக்டர் லோடர், பட்டறையில் நிற்கும் பிரஸ் என எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் இதைச் சொன்னார். 1795-இல் ஜோசப் பிராமா இதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

வண்டி வைத்திருப்பவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆயில் சுத்தம் என்ற பேச்சு பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பும் வால்வும் சீலும் காலத்துக்கு முன்பே போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வண்டி இழுவை குறைந்துவிட்டது. மெக்கானிக் பம்ப் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

பம்ப் தருவது ஆயிலின் ஓட்டத்தைத்தான். எதிரே பாரம் தடுக்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. அதனால் முதலில் வண்டி மெதுவாகிவிட்டதா, பலம் குறைந்துவிட்டதா என்று பிரித்துப் பாருங்கள். பாரம் தூக்குகிறது, ஆனால் மெதுவாகத் தூக்குகிறது என்றால் ஓட்டம் குறைவு. ஸ்ட்ரெயினர் (பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் கம்பி வலை) அடைப்பு, பம்ப் தேய்மானம், ஆயில் மட்டம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். காலி பக்கெட் வேகமாக ஏறுகிறது, மண் அள்ளினால் நின்றுவிடுகிறது என்றால் அழுத்தம் வரவில்லை. அப்போது முதல் சந்தேகம், அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் மேல். அதன் சீட்டில் ஒரு சின்ன இரும்புத் துணுக்கு சிக்கினால் போதும், ஆயில் வேலைக்குப் போகாமல் டேங்குக்கே திரும்பிவிடும்.

டெஸ்ட் போர்ட்டில் கேஜை மாட்டி, சிலிண்டரை முழுதாக ஓடவிட்டு முனையில் நிறுத்தி, ரிலீஃப் திறக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, நன்றாகச் சூடான பிறகு இன்னொருமுறை. குளிரில் சரியாக வந்து சூட்டில் இறங்கினால் எங்கோ உள்கசிவு இருக்கிறது. சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த இடைவெளி வழியே நழுவுகிறது. அது பம்பிலா, வால்விலா, சிலிண்டரிலா என்பதை ஒவ்வொன்றாகத் தனிப்படுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரிலீஃப் வால்வு இல்லாமல் பம்பின் வாயை நேராக அடைத்துச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். பம்ப் வெடித்துவிடும்.

கியர் பம்ப், வேன் பம்ப், பிஸ்டன் பம்ப்: எதை வாங்குவது?

கியர் பம்ப் விலை குறைவு, அழுக்கை ஓரளவு தாங்கும், சாதாரண மெக்கானிக்கே கழற்றி மாட்டலாம். 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் வேலை செய்யும் டிப்பர், டிராக்டர், சின்ன பிரஸ்ஸுக்கு இது போதும். வேன் பம்ப் சத்தம் குறைவாக ஓடும், ஆலைக்குள் நிற்கும் இயந்திரங்களுக்குப் பொருந்தும். ஆனால் அழுக்கும் இளகிய ஆயிலும் அதற்கு ஆகாது. பிஸ்டன் பம்ப் 350 பார் வரை சாதாரணமாகப் போகும். தேவைக்கேற்ப ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையும் அதில் உண்டு. எக்ஸ்கவேட்டர்களில் அது இருப்பதற்குக் காரணம் அதுதான். விலை பல மடங்கு.

தூசி பறக்கும் குவாரியில் வேலை, ஆயிலை வடிகட்டிப் பழக்கமில்லை என்றால் பிஸ்டன் பம்ப் வேண்டாம். அதற்கு ஏற்ற ஃபில்டர் இல்லாமல் அதை வாங்கினால் போட்ட பணம் வீண்.

என் பிரஸ்ஸுக்கு எத்தனை சிசி பம்ப் வேண்டும்? எப்படிக் கணக்குப் போடுவது?

எப்போதும் சிலிண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

உங்களுக்கு 15 டன் அழுத்தம் வேண்டும், 200 பாரில் ஓட்டலாம் என்று வையுங்கள். 100 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. 200 பாரில் அது ஏறக்குறைய 16 டன் தரும். சரி, போர் கிடைத்துவிட்டது. ராடு நொடிக்கு 2 செ.மீ. இறங்க வேண்டும் என்றால் நொடிக்கு 157 மில்லி, நிமிடத்துக்கு சுமார் 9.4 லிட்டர் ஆயில் தேவை.

1440 ஆர்பிஎம் மோட்டாரில் 8 சிசி, அதாவது ஒரு சுற்றுக்கு 8 மில்லி தள்ளும் கியர் பம்ப், கணக்குப்படி 11.5 லிட்டர் தரும். உள்கசிவுக்கு 10 சதவீதம் கழித்தால் 10.4 லிட்டர். போதும். அடுத்தது மோட்டார். அழுத்தத்தை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 200 × 11.5 ÷ 600 என்றால் 3.8 கிலோவாட். பம்பில் போகும் இழப்பையும் சேர்த்தால் நாலே கால். கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 5.5 கிலோவாட், அதாவது ஏழரை எச்பி மோட்டார் போடுங்கள். டேங்க், நிமிட ஓட்டத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு: 40, 50 லிட்டர்.

பெரிய பம்ப் போட்டால் வேலை வேகமாகும் என்று சிலர் 16 சிசி போடுகிறார்கள். அதே மோட்டார் அதை 200 பாரில் சுற்றாது. டிரிப் ஆகும், இல்லையென்றால் ரிலீஃபைக் குறைத்துவைத்துவிட்டுப் பலம் வரவில்லை என்று வருவார்கள்.

சீல் உடைக்காத புது பேரல் ஆயிலையும் வடிகட்ட வேண்டுமா?

கண்டிப்பாக. ஆயில் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. பேரல், டேங்கர், புனல், வாளி எனக் கை மாறி வரும் வழியில் தூசி சேர்ந்துவிடுகிறது. அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாது. நம் கண்ணால் பார்க்க முடிகிற மிகச் சின்னத் துகளே சுமார் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி 70 மைக்ரான் அளவு இருக்கும். பம்புக்குள்ளும், வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் வழியை மாற்றும் ஸ்பூலைச் சுற்றியும் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். அதே அளவுள்ள துகள்தான் இடைவெளிக்குள் புகுந்து இரண்டு பக்கமும் அரைக்கும். பளபளவென்று தெரியும் ஆயிலில் இது கோடிக்கணக்கில் இருக்கலாம்.

இதை அளக்க ஐஎஸ்ஓ 4406 என்ற முறை இருக்கிறது. 18/16/13 என்பதுபோல மூன்று எண்கள் வரும். ஒரு மில்லி ஆயிலில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை அவை சொல்கின்றன. முதல் எண் 18 என்றால் 1,300 முதல் 2,500 துகள் வரை. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பாகும். ஆக 18-க்கும் 21-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று நினைக்கக் கூடாது, எட்டு மடங்கு. புது பேரலிலேயே 20, 21 வருவது சாதாரணம்.

ஒரு சின்ன கியர் பம்ப், ஒரு மோட்டார், ஒரு 10 மைக்ரான் ஃபில்டர் இவற்றை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டால் வடிகட்டும் வண்டி தயார். பேரலிலிருந்து டேங்குக்கு அதன் வழியாகவே ஊற்றுங்கள். இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது முதலில் வாங்க வேண்டிய பொருள் என்றே சொல்வேன். அது இல்லாதவர்கள் குறைந்தது ஊற்றும் வாளியையும் புனலையும் அந்த வேலைக்கென்றே ஒதுக்கி, மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். டேங்க் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

துடைக்கும் துணியும் முக்கியம். பட்டறைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட் கை துடைக்க நல்லது. டேங்குக்குள்ளும் வால்வு பிளாக்குக்குள்ளும் அது போகக் கூடாது. அதன் நூல் பிரிந்து ஸ்ட்ரெயினரிலும் சின்னத் துளைகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

46 ஊற்றுவதா, 68 ஊற்றுவதா?

ஆயிலின் கிரேடான அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பிசுபிசுப்பைச் சொல்கிறது. கேட்க வேண்டியது, வேலை நேரத்தில் உங்கள் ஆயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதுதான். பெரும்பாலான பம்புகள் ஆயிலின் பிசுபிசுப்பு 16 முதல் 36 சென்டிஸ்டோக்ஸ் (அதன் அலகு) வரை இருக்கும்போது நன்றாக ஓடும். 46 ஆயில் 60 டிகிரியில் 20-ஐ ஒட்டி இருக்கும், 80 டிகிரியில் 11-க்கு இறங்கிவிடும். 68 ஆயில் 80 டிகிரியில் 14, 15.

ஆலைக்குள், கூலர் வைத்து, 50 டிகிரிக்குள் ஓடும் இயந்திரத்துக்கு 46 போதும். வேலூர், கரூர் பக்கம் மே மாத வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டும் வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், 68 பொருத்தம். ஊட்டி, கொடைக்கானலில் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு 68 கெட்டியாக இருக்கும். பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும். அங்கே 46, அல்லது வெப்பம் மாறினாலும் பிசுபிசுப்பு அதிகம் மாறாத எச்விஎல்பி வகை வாங்குங்கள். கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

எஞ்சின் ஆயில் ஊற்றலாமா? இரண்டு கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா?

சில வண்டிகளில் தயாரிப்பாளரே எஞ்சின் ஆயிலை அனுமதிக்கிறார். டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரேக்குக்கும் பொதுவான ஒரே ஆயில் இருக்கும். அதில் வெறும் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் பிரேக் கத்தும், கியர் தேயும். பிரேக் ஆயில் எந்தக் காலத்திலும் கூடாது, நைட்ரைல் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஒரே கிரேடு, ஒரே வகை ஆயிலை அவசரத்துக்குக் கொஞ்சம் கலந்து ஓட்டலாம். பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஃபில்டரை டீசலில் கழுவி மறுபடி போடலாமா?

கம்பி வலை ஸ்ட்ரெயினரைக் கழுவலாம். பேப்பர் ஃபில்டரையும் கண்ணாடி இழை ஃபில்டரையும் கழுவக் கூடாது. கழுவும்போது உள்பக்கம் போகும் அழுக்கு, மாட்டியதும் நேராக பம்புக்கோ டேங்குக்கோ போகும். மடிப்புகளும் கிழிந்துவிடும். ஏர் அடித்தாலும் இதே கதைதான்.

வாங்கும்போது 10 மைக்ரான் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பீட்டா எண்ணைக் கேளுங்கள். 10 மைக்ரானில் பீட்டா 2 என்றால் வரும் துகளில் பாதியைத்தான் பிடிக்கிறது. பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். இரண்டு டப்பாவிலும் 10 மைக்ரான் என்றே அச்சடித்திருப்பார்கள். கடைக்காரருக்கு பீட்டா எண் தெரியவில்லை, டப்பாவிலும் இல்லை என்றால் வேறு ஃபில்டர் பாருங்கள்.

இன்னொன்று. ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழியில் இருக்கும் ரிட்டர்ன் ஃபில்டர்கள் பெரும்பாலானவற்றில் பைபாஸ் வால்வு உண்டு. அடைத்துக்கொண்டால் ஃபில்டர் வெடிக்காமலிருக்க ஆயிலை வடிகட்டாமலே விட்டுவிடும். வண்டி நன்றாகத்தான் ஓடும். அழுக்கு ஆயில் சுற்றிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. அடைப்பைக் காட்டும் சின்ன இண்டிகேட்டர் உள்ள வகையை வாங்குங்கள்.

டேங்க் மேலே இருக்கும் பிரீதர் அவ்வளவு முக்கியமா?

டேங்குக்குள் போகும் காற்றை வடிகட்டுவது அதுதான். மிக முக்கியம், அதே அளவுக்குக் கவனிக்கப்படாமலும் இருக்கிறது. சிலிண்டர் நீளும்போதெல்லாம் டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும், அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரும். எம்-சாண்ட் கிரஷர் பக்கத்தில் நிற்கும் லோடர் நாள் முழுக்க கல்தூசியை இழுக்கிறது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா இரும்பைவிடக் கடினம். பிரீதர் தொலைந்துபோய் துணியைக் கட்டி வைத்திருக்கும் டேங்குகளைப் பார்த்திருக்கிறேன். மிக மலிவான பாகத்துக்குப் பதில் மிக விலையான பாகம் தேய்கிறது. எண்ணூர், தூத்துக்குடி போன்ற துறைமுகப் பகுதிகளில் ஈரமும் சேரும். அங்கே ஈரம் உறிஞ்சும் பிரீதர் போடுவது நல்லது.

ஆயில் மோர் நிறத்துக்கு மாறிவிட்டது. என்ன செய்வது?

தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மழைத் தண்ணீரோ, வாட்டர் சர்வீஸ் அடிக்கும்போது போனதோ, கூலர் ஓட்டையோ இருக்கலாம். வெண்மை தெரியும்போதே ஆயில் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் என்றால், இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன் டேங்க் அடியில் இருக்கும் டிரெயினைத் திறந்து தண்ணீரை விடுங்கள். அதற்கும் தெளியவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மாற்றினால் அடுத்த மாதம் இதே நிலை.

வெண்மை இருந்து, சிறிது நேரம் வைத்ததும் தானாகத் தெளிந்தால் அது காற்று. கருத்து, கருகல் வாசனை வந்தால் அதிகச் சூடு.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது?

கையேட்டில் உள்ளபடி. மண் வேலை வண்டிகளில் 1,000 முதல் 2,000 மணி நேரம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. புது வண்டியிலும், பெரிய ரிப்பேர் முடிந்த வண்டியிலும் முதல் ஃபில்டரை 50 முதல் 100 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். 200 லிட்டருக்கு மேல் கொள்ளும் இயந்திரம் என்றால் ஒரு பாட்டில் ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பரிசோதிப்பது மாற்றுவதைவிட மலிவு. சாம்பிளை வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது எடுங்கள். டேங்க் அடியிலிருந்து எடுத்தால் படிந்த சேறுதான் வரும்.

ஆயில் சூடாகிக்கொண்டே போகிறது. பெரிய கூலர் போடலாமா?

சூடு எங்கே பிறக்கிறது என்று முதலில் தேடுங்கள். ஆயில் வேலை எதுவும் செய்யாமல் அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்கு இறங்கும் இடமெல்லாம் சூடு. நிமிடத்துக்கு 60 லிட்டர், 200 பாரில் ரிலீஃப் வழியே போனால் 20 கிலோவாட் முழுவதும் சூடாக மாறும். சிலிண்டர் முனைக்கு வந்த பிறகும் ஆபரேட்டர் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். ரிலீஃப் செட்டிங் வேலை அழுத்தத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும் அடிக்கடி திறக்கும். 10, 15 சதவீதம் மேலே இருக்க வேண்டும்.

அப்புறம் கூலரின் மேல் படிந்த ஆயிலும் தூசியும். உள்பக்கமிருந்து வெளியே ஏர் அடித்துச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். குழாய்களையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினால், மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் இடத்தில்தான் உள்கசிவு. 82 டிகிரியைத் தாண்டினால் சீலும் ஆயிலும் வேகமாகக் கெடும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

பம்ப் கூழாங்கல்லை அரைப்பதுபோலச் சத்தம் போடுகிறது.

உடனே நிறுத்துங்கள். பம்புக்கு ஆயில் போதுமான அளவு வரவில்லை. ஸ்ட்ரெயினர் அடைப்பு, நசுங்கிய சக்‌ஷன் ஓஸ், அளவு குறைந்த குழாய், கெட்டியான ஆயில் இவற்றில் ஒன்று. ஆயிலில் குமிழ் உண்டாகி, அழுத்தம் ஏறும் இடத்தில் அவை உடைந்து, உலோகத்தைக் குழி குழியாகப் பெயர்க்கும். சத்தத்தோடு டேங்கில் நுரையும் இருந்தால் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது: சக்‌ஷன் கிளாம்ப் தளர்வு, பம்பின் ஷாஃப்ட் சீல், அல்லது ஆயில் மட்டம். சக்‌ஷன் ஜாயின்ட்டில் கொஞ்சம் ஆயிலைத் தடவிப் பாருங்கள், சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

ஓஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நீளத்தையும் விலையையும் மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

முதலில் அழுத்தம். ஒற்றைக் கம்பிப் பின்னல் உள்ள 1எஸ்என் ஓஸ் அரை இஞ்சில் 160 பார். இரட்டைப் பின்னல் 2எஸ்என் அரை இஞ்சில் 275 பார். ஆனால் அதே 2எஸ்என் ஒரு இஞ்சில் 165 பார்தான். விட்டம் ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் குறையும். பழையது டபுள் ஒயர், புதியதும் டபுள் ஒயர் என்று சைஸை மட்டும் பெரிதாக்கினால் வெடிக்கும். பெரிய எக்ஸ்கவேட்டரின் மெயின் லைன்களுக்கு நான்கு அடுக்குச் சுருள் கம்பி உள்ள 4எஸ்பி, 4எஸ்எச் வகைதான். ஓஸ் வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப்போல நான்கு மடங்கு இருக்கும் என்பதற்காக அந்த எல்லைக்குள் புகுந்து ஓட்டக் கூடாது. அது அழுத்தம் திடீரெனக் குதிப்பதையும் வயதாவதையும் தாங்குவதற்காக விட்ட இடம்.

அடுத்து விட்டம். 60 லிட்டர் பம்புக்கு சக்‌ஷனில் ஆயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வர வேண்டும் என்றால் உள்விட்டம் 36 மி.மீ., அதாவது ஒன்றரை இஞ்ச். பிரஷர் பக்கம் நொடிக்கு 5 மீட்டர் வரை போகலாம், 16 மி.மீ. போதும். சக்‌ஷனை ஒரு இஞ்சாகக் குறைத்துவிட்டு பம்ப் சத்தம் போடுகிறது என்று வருபவர்கள் உண்டு.

பிறகு மரை. பிஎஸ்பி, மெட்ரிக், ஜேஐசி, ஓஆர்எஃப்எஸ் எனப் பல இருக்கின்றன. ஒன்று மற்றொன்றில் இரண்டு சுற்று ஏறும், ஏறிய மாதிரியே இருக்கும், அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு போகும். பழைய ஃபிட்டிங்கைக் கையோடு கொண்டுபோய் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். டெஃப்லான் டேப் சுற்றவே வேண்டாம். கூம்பும் ஓ-ரிங்கும்தான் அடைப்பைத் தருகின்றன, டேப் பிய்ந்து வால்வுக்குள் போகும்.

கடையில் ஓஸை வெட்டி, முனையில் ஃபிட்டிங்கை நெருக்கி இறுக்கி (கிரிம்ப்) செய்யும்போது உடன் நில்லுங்கள். வெட்டும்போது உள்ளே ரப்பர் தூளும் கம்பித் தூளும் நிரம்பும். ஃபோம் குண்டைச் செலுத்திச் சுத்தம் செய்த பிறகுதான் இரண்டு முனையையும் மூடித் தர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத கடை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். மாட்டும்போது ஓஸின் மேலுள்ள எழுத்து வரி நேராக ஓட வேண்டும், சுருண்டால் ஓஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இழுத்துக் கட்டவும் கூடாது, அழுத்தத்தில் நீளம் கொஞ்சம் குறையும். தயாரித்த தேதி ஓஸிலேயே அச்சாகியிருக்கும். பல வருடம் வெயிலில் தொங்கிய ஓஸ் புது ஓஸ் ஆகாது.

பூம் தானாக இறங்குகிறது. சிலிண்டர் சீல் போய்விட்டது, சரிதானே?

அவசரப்பட வேண்டாம். சிலிண்டரின் இரண்டு போர்ட்டும் அடைத்திருக்கும்போது, பாரம் ராடை உள்ளே தள்ளும் நிலையில், பிஸ்டன் சீல் முழுதாகப் போனாலும் ராடு அதிகம் இறங்காது. உள்ளே வரும் ராடின் கனத்துக்கு இடம் வேண்டுமே, ஆயில் வெளியேறினால்தானே இடம் கிடைக்கும். அப்படி இறங்கினால் ஆயில் வால்வு வழியே நழுவுகிறது. ஸ்பூல் தேய்மானத்தையும், பாரம் பின்னே இறங்காமல் தடுக்கும் லோடு செக் வால்வையும் பாருங்கள். பாரம் ராடை வெளியே இழுக்கும் நிலையில் இருந்தால் பிஸ்டன் சீலைச் சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. ராடை முழுதாக நீட்டி, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்து, ராடு பக்க ஓஸைக் கழற்றி அந்த ஓஸின் வாயை மட்டும் அடையுங்கள். சிலிண்டர் போர்ட் திறந்தே இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மெதுவான ஓட்டத்தில் நீட்டும் பக்கமே லீவரைக் கொடுங்கள். போர்ட்டிலிருந்து ஆயில் விடாமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. அந்த போர்ட்டை அடைத்துவிட்டு அழுத்தம் கொடுக்காதீர்கள். 100 மி.மீ. போரும் 70 மி.மீ. ராடும் உள்ள சிலிண்டரில் இந்தப் பக்கம் 200 பார் கொடுத்தால் அந்தப் பக்கம் 390 பார் வரை ஏறும்.

சீல் கிட் மூன்று மாதத்தில் மறுபடி போகிறது. மட்டமான சீலா?

இருக்கலாம், ஆனால் சீலை மட்டும் பார்ப்பது போதாது. ராடை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கீறல் ஒவ்வொரு முறையும் சீலை வெட்டுகிறது. ராடு வளைந்திருந்தாலும், கைடு ரிங் தேய்ந்து ராடு ஒரு பக்கம் சாய்ந்தாலும் சீல் ஒரே பக்கம் தேயும். கழற்றிய பழைய சீலைத் தூக்கிப்போடாதீர்கள், அதில் காரணம் எழுதியிருக்கும். ஒரு பக்கத் தேய்மானம் என்றால் கைடு. கடினமாகி வெடித்திருந்தால் சூடு. ஊதி மெதுவாகியிருந்தால் தவறான ஆயில். ஓரம் பிய்ந்து இடைவெளிக்குள் இழுபட்டிருந்தால் அதிக அழுத்தம், அல்லது பேக்கப் ரிங் போடவில்லை.

பொருளைப் பொறுத்தவரை நைட்ரைல் 100 டிகிரி வரை, விட்டான் 200 டிகிரி வரை. மண் வேலை வண்டியின் ராடு சீலுக்குத் தேய்மானம் தாங்கும் பாலியூரித்தேன் நல்லது. சுடுதண்ணீர் கலந்த ஆயிலில் மட்டும் அது சிதையும். வெளியே உள்ள வைப்பர் சீல்தான் மண்ணைத் தடுக்கிறது. கிட்டில் மலிவான அதை மாற்றாமல் பழையதையே விட்டுவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் புது சீல் வீணாகிறது.

வண்டியில் வெல்டிங் வைக்கும்போது எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் பின், புஷ், ராடு வழியாகப் போகும், அங்கே தீப்பொறி வெடித்துக் குழி விழும். ராடை நனைந்த சாக்கால் மூடுங்கள். குரோம் பூச்சு 20, 25 மைக்ரான்தான். அதில் ஒட்டும் ஒரு வெல்டிங் துளி சீலைக் கிழிக்கப் போதும்.

பம்ப் உடைந்து புதியது போட்டோம். அதுவும் ஒரு மாதத்தில் போய்விட்டது.

பழைய பம்பின் துண்டுகள் உள்ளேயே இருந்திருக்கும். பம்ப் உடைந்தால் இரும்புத் தூள் ஓஸ், வால்வு பிளாக், சிலிண்டர், கூலர் எல்லாவற்றுக்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றி, ஆயிலை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் சுற்றி வந்து புது பம்பை அரைக்கும். டேங்கைத் திறந்து கையால் துடைக்க வேண்டும். கூலரைத் தனியாகக் கழுவ வேண்டும், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். ஓஸ்களைக் கழற்றி ஃபோம் குண்டு விட வேண்டும். சிலிண்டர்களின் இரு பக்க ஆயிலையும் வெளியே தள்ள வேண்டும். பிறகு வடிகட்டும் வண்டியை மாட்டி டேங்க் ஆயிலைப் பல முறை சுற்றவிட்டு, முதல் ஃபில்டரைச் சில மணி நேரத்திலேயே வெட்டிப் பாருங்கள். மடிப்பில் மினுமினுப்பு இருந்தால் இன்னொரு ஃபில்டர் போட்டுத் தொடருங்கள்.

புது பம்பை மாட்டியதும் உள்ளே ஆயில் ஊற்றி நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிஸ்டன் பம்பில், உள்ளே கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் கேஸ் டிரெயின் துளை வழியாக நிரப்ப வேண்டும். வெறும் பம்ப் முதல் நிமிடத்திலேயே கீறிக்கொள்ளும். ஸ்டார்டரை விட்டு விட்டு அடித்து, பாரமில்லாமல், ஐடிலில் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

டிப்பர் பம்ப் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

டிரைவரிடம் கேளுங்கள். பாடியை இறக்கிய பிறகு எஞ்சின் சக்தியை பம்புக்குத் தரும் பி.டி.ஓ.வை எடுத்துவிடாமல் ஓட்டினால் பம்ப் சாலை வேகத்தில் சுற்றி, சூடேறி, சிக்கும். கேபினில் ஒரு எச்சரிக்கை விளக்கோ பஸரோ வையுங்கள். பாடி தூக்கியிருக்கும்போதும் அது அடித்தால் மின்கம்பி ஆபத்திலிருந்தும் காப்பாற்றும்.

ரீகண்டிஷன் செய்த பம்ப், சிலிண்டர் வாங்கலாமா?

சிலிண்டர் வாங்கலாம், டியூபை ஹானிங் செய்து, ராடுக்குப் புது குரோம் போட்டு, அழுத்தச் சோதனையை உங்கள் முன் காட்டினால். பிஸ்டன் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, வேலை அழுத்தத்தில் எத்தனை லிட்டர் தருகிறது, கேஸ் டிரெயினில் எவ்வளவு போகிறது என்று எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். தேய்ந்த சின்ன கியர் பம்பைச் சரிசெய்வதில் லாபமில்லை, புதியதே வாங்குங்கள்.

கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கிறோம். ஆபத்தா?

உயிருக்கே ஆபத்து. ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் குறைவு. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். அட்டையையோ மரத்துண்டையோ காட்டித் தேடுங்கள். கண்ணாடி போடுங்கள். யாருக்காவது ஆயில் தோலுக்குள் ஏறிவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறியது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

தூக்கிய பாடி, பூம் எதன் அடியிலும் முட்டுக் கொடுக்காமல் போகக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுங்கள். அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் எஞ்சின் நின்றும் அழுத்தம் உள்ளே இருக்கும். அதில் உலர்ந்த நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆக்சிஜனோ கம்ப்ரசர் காற்றோ நிரப்பினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

மழைக்காலத்தில் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். என்ன செய்ய?

சிலிண்டர்களை முடிந்தவரை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். வெளியே தெரியும் ராடில் கிரீஸ் பூசுங்கள், கடற்கரை ஊர்களில் இது கட்டாயம். டேங்கை நிரப்பிவைத்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும். பிரீதரையும் மூடியையும் மழை படாமல் மறையுங்கள். மாதம் ஒருமுறை ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி, எல்லா சிலிண்டரையும் முழுதாக நீட்டி மடக்குங்கள். நீட்டுவதற்கு முன் பூசிய கிரீஸைத் துடைத்தெடுங்கள், அதில் ஒட்டிய மண் வைப்பரைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. வேலை முடிந்ததும் புது கிரீஸ் பூசுங்கள்.